ஷெட் காத்திருந்த மொரிஸ்

எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே ஒரு குட்டி ஷெட் இருந்தது. தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்தது, ஒரு சாண் நீளம்கூட இல்லை. பெட்டிக்குள் ஒட்டி வரும் ஈயத்தாளை உட்புறம் முழுக்கச் சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது. முன்னால் இரண்டு கதவு, கீலுக்குப் பதில் தோல் துண்டு. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. சின்ன வயதில் ஒருநாள் அதற்குள் என் போளைகளைப் போட்டு வைத்தேன். அப்பா ஏசவில்லை. எல்லாவற்றையும் என் கையில் திருப்பிக் கொட்டிவிட்டு, "அது வண்டி நிக்கிற எடம்" என்றார். எந்த வண்டி என்று கேட்டேன். "அத்தைகிட்ட இருக்கு" என்றார். அத்தை கோத்தகிரியில் இருந்தார். கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். நாங்கள் இலங்கை மலைநாட்டில்.

வெறும் ஷெட்டைத் தூசி தட்டித் தட்டி ஒருவர் ஐம்பது வருடம் வைத்திருந்தார் என்றால் அந்த வண்டியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில் அதிசயமில்லை. போய்ப் பார்த்தேன். அதைப் போலவே ஒன்றை வார்த்து எடுப்பதற்காக இரண்டு பனிக்காலத்தைச் செலவழித்தேன். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வாத்தியாரின் பனிக்காலப் பொழுதுபோக்கு. எனக்கு அது எங்கள் குடும்பம் போன வழியைத் திரும்ப நடந்து பார்த்தது.

வண்டி பிறந்தது 1958 இல், இங்கிலாந்தில். லெஸ்னி கம்பனியின் மேட்ச்பாக்ஸ் வரிசையில் 46 ஆம் இலக்கம், மொரிஸ் மைனர் 1000. நீளம் 2 அங்குலம். கரும்பச்சை மேனி, கறுப்பு அடித்தட்டு. அடித்தட்டில் இருக்கும் எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். லெஸ்னியைத் தொடங்கிய லெஸ்லி ஸ்மித்தும் ரொட்னி ஸ்மித்தும் உறவுக்காரர்கள் அல்ல, பள்ளிக்கூடச் சிநேகிதர்கள். போர் முடிந்து வந்து, 1947 இல் லண்டனில் பூட்டிக் கிடந்த ஒரு மதுக்கடைக்குள் வார்ப்பு மெஷினைப் போட்டார்கள். இரண்டு பேர் பெயரிலிருந்தும் ஒவ்வொரு துண்டை வெட்டிச் சேர்த்ததுதான் லெஸ்னி. பிறகு சேர்ந்த ஜாக் ஓடல் கைவேலைக்காரர். அவருடைய மகளின் பள்ளிக்கூடத்தில், தீப்பெட்டிக்குள் அடங்கும் சாமான் என்றால் மட்டும் கொண்டுவரலாம் என்று விதி இருந்ததாம். மகளுக்காகப் பித்தளையில் ஒரு துக்கடா ரோடு ரோலரைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து கிளம்பியதுதான் 1953 இல் கடைக்கு வந்த மேட்ச்பாக்ஸ்.

அந்த வண்டிகள் இரும்பு அல்ல. நாகத்தோடு நூற்றுக்கு 4 பங்கு அளவில் அலுமினியம் சேர்ந்த கலவை. 400 பாகைக்கு மேல் உருக்கி, உருக்கு அச்சுக்குள் அழுத்தி அடித்தால் மூச்சு விடுவதற்குள் இறுகி வெளியே வந்து விழும். ஒரு அச்சிலிருந்து லட்சக்கணக்கில் எடுக்கலாம். பெயின்ட் அடித்து, கம்பியில் சில்லு கோத்து, கம்பி நுனியை நசுக்கினால் முடிந்தது. ஒரு முறை நசுக்கிய வண்டியைப் பிரிக்க வேண்டுமென்றால் துளை போட்டு உடைக்கத்தான் வேண்டும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் குட்டிக்குப் பெரியது ஒன்று இருக்கிறதே, அதை மலைநாட்டில் தெரியாதவர் இல்லை. மொரிஸ் மைனரை வரைந்தவர் அலெக் இஸிகோனிஸ். 1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது முதலில் நின்றது. இங்கிலாந்துக் கார்களில் பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் கார் அதுதான். கண்காட்சிக்குக் கொஞ்ச காலம் முன்பு, வண்டி ஒடுங்கிப் போயிருக்கிறது என்று இஸிகோனிஸுக்குப் பட, மாதிரி வண்டியை நீளவாக்கில் நடுவே அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் விலக்கி விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குல இடைவெளியில் சரி என்றார். அதனால்தான் அதன் பொனட்டின் நடுவில் ஒரு பட்டி ஓடுகிறது. ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்றைக்கும் எப்போதாவது ஒரு மைனர் நின்றால் நான் முதலில் தடவிப் பார்ப்பது அந்தப் பட்டியைத்தான்.

எங்கள் வண்டி ஒரு தேயிலைத் தோட்டத் துரையின் மகனுக்காகக் கப்பலில் வந்தது. கொழும்பிலிருந்து கோச்சி, அதாவது ரயில். ஹட்டன் வரைக்கும் 1884 இல் தண்டவாளம் போட்டுவிட்டார்கள், அடுத்த வருடம் நானுஓயாவுக்கு. தேயிலை இறங்குவதற்காகப் போட்ட பாதை. திரும்பி ஏறுகிற கோச்சியில் துரைமார் வீட்டுப் பியானோவும் விஸ்கியும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களும் வந்தன. ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கி, டிக்கோயாப் பாதையில் ஏறி, பங்களாவின் மெழுகு போட்ட பலகைத் தரையில் அது ஐந்து வருடம் ஓடியது.

என் தாத்தா அந்தப் பங்களாவில் அப்பு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் அப்பு என்றால் பங்களாக் குசினியில் சமைக்கிறவர். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் போய் அங்கே புடிங் செய்வார். 1963 இல் துரையின் மகனைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அறையை ஒழித்த துரைசாணி, பழைய கம்பளிச் சட்டைகளோடு இந்த வண்டியையும் தாத்தாவிடம் கொடுத்தார். வேட்டி மடியில் கட்டிக்கொண்டு தாத்தா குறுக்குப் பாதையில் இறங்கினார். பங்களாவிலிருந்து லயத்துக்கு நடை பத்து நிமிடம்.

லயத்துப் பிள்ளைகளிடம் வண்டி இல்லாமல் இல்லை. மீன் டின்னைத் தட்டி உடம்பாக்கி, அறுந்த செருப்பு ரப்பரில் வட்டம் வெட்டிச் சில்லு போட்டு, குடைக்கம்பியை அச்சாக மாட்டிய வண்டிகள் வரிசையாக ஓடும். ஆனால் கதவுக்குக் கைப்பிடி, முன்னால் இரண்டு லைட், பம்பர் எல்லாம் வைத்து ஒரே துண்டாக வார்த்த வண்டி யாரிடமும் இருக்கவில்லை. வரவும் வழியில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வெளிநாட்டுச் சாமான்களுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்த காலம் அது. முழு லயமும் எங்கள் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது என்பார் அப்பா.

அப்பாவுக்கு அப்போது பதினைந்து வயது, தோட்டத்துப் பட்டியலில் பேர் விழுந்து மலையில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். விளையாடுகிற வயது தாண்டிவிட்டது. ஸ்டோரில் உடைந்த பெட்டிப் பலகையைக் கேட்டு வாங்கி வந்து ஷெட் செய்தார். பங்களா ஷெட்டைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரிச் செய்தார். வண்டியில் விளையாடியது அத்தை. அவருக்கு ஒரு வயது, கீழ்வரிசையில் இரண்டு பல் முளைத்திருந்தது. கையில் எதைக் கொடுத்தாலும் வாய்க்குத்தான் போகும். மொரிஸின் கூரை ஓரத்தில், பின் கண்ணாடிக்கு மேலே, அந்த இரண்டு பல்லும் பட்டுப் பச்சை உதிர்ந்து போனது. உலோகத்தில் பல் இறங்காது. பெயின்ட்டில் இறங்கியது. பக்கத்துப் பக்கத்தில் நெல்லுமணி அளவு இரண்டு பள்ளம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வண்டிக்கு நம்பர் பிளேட்டில் எழுத்துக் கிடையாது, வெறும் தகடுதான். அதை லண்டனில் வார்த்த அதே 1958 இல் இலங்கையில் நம்பர் பிளேட்டுக்காக உயிர் போனது. வண்டி இலக்கத்தில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வர வேண்டும் என்று சட்டமாக்கியிருந்தார்கள். புதிதாக உருவான இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் அந்த எழுத்தோடு வடக்குக்குப் போனபோது தமிழர்கள் தார் பூசி அழித்தார்கள். எதிர்ப்பு மலைநாட்டுக்கும் வந்தது. பொகவந்தலாவையில் பொலிசார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இரண்டு பேர் இறந்தார்கள். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாத ஜனங்கள். துரையின் கார் வந்தால் குடையை மடக்கிக்கொண்டு ஓரத்தில் ஒதுங்கி நின்றவர்கள். வண்டியில் எழுதும் எழுத்து தங்களையும் பற்றியது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் இஸ்தோப்பில் உருண்ட பச்சை மொரிஸுக்கு அந்த வம்பு எதுவும் இல்லை. அதன் பிளேட் கடைசிவரை காலியாகவே இருந்தது.

1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியான எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தைப் பத்து வருடம் கழித்துச் சரிபாதியாகப் பிரித்தார்கள். கடையில் அரிசி நிறுப்பது போல எங்களைப் பங்கு போட்டார்கள் என்று அம்மாச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தாவுக்கு இந்தியா என்று வந்தது. பாட்டியும், பத்து வயது அத்தையும் அவரோடு. அப்பாவுக்கு வயது வந்துவிட்டது, கல்யாணமும் முடிந்துவிட்டது. அம்மா வீட்டுக்காரர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. அப்பா இங்கே நின்றார்.

1972 இல் அவர்கள் போனார்கள். ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாருக்கு. அந்தக் கோச்சிகளை எங்கள் ஆட்கள் அழுகைக் கோச்சி என்பார்கள். ஏறினவர்கள் ஒரு பக்கம், பிளாட்பாரத்தில் நின்றவர்கள் இன்னொரு பக்கம், இரண்டு பக்கமும் ஒரே ஒப்பாரி. அத்தை வண்டியை மா டின்னுக்குள் புதைத்து எடுத்துக்கொண்டார். ஷெட்டுக்கு மூட்டையில் இடமில்லை. "நான் வர்ற வரைக்கும் இது இருக்கட்டும்ணே" என்று அப்பாவிடம் கொடுத்தாராம். பத்து வயதுப் பிள்ளை சொன்னதை அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

தலைமன்னாரில் கப்பல். இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம். பிறகு நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாட்டு அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அங்கே இருந்தன. இன்று அவற்றின் பெயர் டான்டீ. தாத்தா அங்கே அப்பு இல்லை, மண்வெட்டி பிடித்தார். காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள். இங்கே சிலோனில் இந்தியாக்காரன் என்று பேர், அங்கே சிலோன்காரன் என்று பேர். வண்டி ஒரு தகரப் பெட்டிக்குள் போனது. அதைச் செய்த லெஸ்னி கம்பனியும் 1982 இல் கடனில் மூழ்கிக் கைமாறியது.

நான் கோத்தகிரிக்குப் போனது ஒரு டிசம்பர் விடுமுறையில். அத்தை வீட்டு வாசலில் நின்றபோது டிக்கோயாவில் நிற்பது போலத்தான் இருந்தது. அதே தேயிலை, அதே சவுக்கு, அதே புகை வாசம். காலையில் புல் வெள்ளையாகிக் கிடந்தது. அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்து, சீலைத் துண்டில் சுற்றியிருந்ததை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அந்தக் கனத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பச்சை பாதிக்கு மேல் போய், மிச்சம் இருட்டுக் கறுப்பாக இருந்தது. பின் சில்லு ஒன்று கோணியிருந்தது. கூரை ஓரத்தில் இரண்டு பள்ளம்.

கேட்காமலே அத்தை சொன்னார், "மருமவனே, பாத்துக்க. ஆனா கேட்டுறாத." கேட்கவில்லை. அச்சு மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். யோசித்தார். பிரிக்கக் கூடாது, துளை போடக் கூடாது, பெயின்ட் ஒரு பொட்டுக்கூட உரியக் கூடாது என்று மூன்று கட்டளை போட்டார். வார்ப்பு வேலை தெரிந்தவர்கள் வண்டியைப் பிரித்து, உடம்பையும் அடித்தட்டையும் தனித்தனியாக அச்செடுப்பார்கள். எனக்கு அந்த வழி அடைபட்டது. கம்பி நுனியை நசுக்கி முடித்த வண்டி என்று முன்பு சொன்னேனே, அது இதற்காகத்தான்.

கோயம்புத்தூரில் சிலிக்கோன் ரப்பர் வாங்கினேன். தயிர் மாதிரி வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும், கூடவே ஒரு சின்னப் போத்தலில் அதை இறுக வைக்கும் மருந்து. பிள்ளைகள் உருவம் பிடிக்கும் மெழுகுக் களியைச் சில்லுகளைச் சுற்றி அடைத்தேன். ஜன்னல் நான்கையும் மயிரிழை உள்ளே தள்ளி அடைத்தேன், அப்போதுதான் ஜன்னல் ஜன்னலாகத் தெரியும். வண்டியைப் பாதிவரை களியில் புதைத்து, சுற்றிப் பிளாஸ்டிக் அட்டையில் சுவர் கட்டி, ரப்பரை ஒரு மூலையில் மட்டும் நூல் போல உயரத்திலிருந்து ஊற்றினேன். உயரத்திலிருந்து மெல்லிசாக விழும்போது உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி வழியிலேயே உடைந்துவிடும். ரப்பர் தானாக ஊர்ந்து பம்பரை மூடி, லைட்டை மூடி, கடைசியாகக் கூரையை மூடியது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மூச்சு முட்டாதா அதுக்கு?" என்றார்.

சாதாரணமாக ஒரு நாளில் இறுகும். கோத்தகிரிக் குளிரில் இரண்டு நாள் பிடித்தது. அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு வைத்து, கோழிக்கு அடை வைத்த மாதிரிப் பார்த்துக்கொண்டோம். முதல் பாதி இறுகியதும் களியை எடுத்துவிட்டு, ரப்பரோடு ரப்பர் ஒட்டாமல் இருக்க வாஸ்லின் பூசி, மறுபாதியை ஊற்றினேன். பிரித்துப் பார்த்தபோது அத்தை வண்டியைத்தான் எடுத்துத் துடைத்தார். நான் அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை ரப்பருக்குள் வண்டியின் பள்ளமெல்லாம் மேடாக, மேடெல்லாம் பள்ளமாக இருந்தது. பல் பட்ட இடத்தில் நெல்லுமணி மாதிரி இரண்டு மொட்டு எழும்பி நின்றது.

திரும்பி வரும்போது விமான நிலையத்தில் என் பையைத் திறந்து பார்த்த அதிகாரி அந்த இரண்டு வெள்ளைக் கட்டியையும் தூக்கி, இது என்ன என்று கேட்டார். "ஒரு கார்" என்றேன். இரண்டையும் விரித்துப் பார்த்தார். உள்ளே காலி. காரின் அளவுக்குச் சரியான காலி. சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். அச்சு நாடு விட்டு நாடு போவது என் கதை மட்டுமில்லை. வெளிநாட்டு விளையாட்டுச் சாமான்கள் இந்தியாவுக்குள் வர முடியாமல் போன 1960களின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் டிங்கி கம்பனியின் பழைய அச்சுகள் கல்கத்தாவுக்குப் போயின. அங்கே அதே அச்சில் வார்த்து, டிங்கி என்ற பெயரை மாற்றி நிக்கி என்று விற்றார்கள். வண்டிக்கு வழி அடைத்தால் அச்சு போகிறது.

இனி ஹட்டன். முதலில் நான் செய்தது பிழை. வேன் பம்பர் ஒட்டுகிறவர்கள் பாவிக்கும் ஃபைபர் ரெசின் கொஞ்சம் வாங்கி வந்து ஊற்றினேன். மூக்கை அடைக்கும் நெடி, கை வைக்க முடியாத சூடு, கடைசியில் மேற்பரப்பு முழுக்கப் பிசுபிசுப்பு. நல்லவேளை அச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொழும்பிலிருந்து பொலியூரித்தேன் ரெசின் வரவழைத்தேன். இரண்டு போத்தல், சமபாகம் கலந்தால் சில நிமிடத்தில் பால் வெள்ளையாகிக் கல்லாகும். இந்த வேலையின் அழகு அந்தச் சில நிமிடத்தில் இருக்கிறது. கண்ணாடி போலத் தெளிந்திருந்தது ஒரு மூலையில் மங்கும், மங்கல் அலை மாதிரிப் பரவும், அதற்குள் ஊற்றி முடித்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த ரெசினுக்கு ஈரம் எதிரி. ஒரு போத்தலில் இருக்கும் ஐசோசயனேட் என்ற சாமான் தண்ணீரைக் கண்டால் கரியமில வாயுவைக் கக்கும். மார்கழிக் கடைசியில் எங்கள் வீட்டுக்குள் பனிமூட்டம் கேட்காமல் நுழையும், சுவரில் கை வைத்தால் நனையும். அந்த நாட்களில் வார்த்த மொரிஸ் எல்லாம் சோடா போலப் பொங்கி, அப்பம் மாதிரித் துளைத் துளையாக வந்தது. மூன்றை அப்படியே வீசினேன். ஜன்னலைச் சாத்தினால் நெடி, அது நுரையீரலுக்குக் கூடாது. திறந்தால் ஈரம். அந்தப் பனிக்காலம் முழுக்க உருப்படியாக ஒன்றும் வரவில்லை.

அடுத்த வருடம் அப்பாதான் வழி சொன்னார். "பொங்கல் கழியட்டும். வெயில் காயட்டும்." அவர் சொன்னது தேயிலைக்காரனின் கணக்கு. தையும் மாசியும் எங்கள் டிக்கோயா, டிம்புளைப் பக்கத்துக்கு வறண்ட குளிர். இரவில் நுவரெலியாப் பள்ளங்களில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும், பகலில் வானம் கழுவி விட்ட மாதிரி நீலமாக இருக்கும். செடி மெதுவாக வளரும், வேலை நாள் குறையும், கூடை நிறையாது. ஆனால் அந்த மெதுவில்தான் வாசம் ஏறும். எங்கள் பக்கத் தேயிலைக்கு நல்ல விலை வருவது அந்த மாதங்களில். என் வேலைக்கும் அதே மாதங்கள்தான் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை, பதினொரு மணி, இஸ்தோப்பில் வெயில். ரெசின் போத்தல்களை மூடி இறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்க வைத்தேன், குளிரில் கெட்டியாகிப் போகும் என்பதற்காக. மிலாறு விறகு எரிந்த அடுப்பின் ஓரத்தில் அச்சைக் காய வைத்தேன். உள்ளே முகப் பவுடரைத் தூவி ஊதினேன். பவுடர் இருந்தால் ரெசின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நனைக்கும், குமிழி தங்காது. முகமூடி, கையுறை. கலந்து, முதல் சொட்டை ஈர்க்குக் குச்சியால் பம்பர் மூலைகளில் தொட்டு வைத்துவிட்டு, மிச்சத்தை ஊற்றினேன். ஒரு மணி நேரம் தொடவில்லை.

ரப்பரை வளைத்துப் பிரித்தபோது ஒரு வெள்ளை மொரிஸ் என் கையில் விழுந்தது. உப்பில் செய்தது போல இருந்தது. ஒவ்வொரு கீறலும் இருந்தது, அத்தை சீலைத் துண்டின் நூல் ஒன்று ஒட்டியிருந்த தடம்கூட. ரெசின் இறுகும்போது மயிரிழை சுருங்கும், அதனால் மூத்ததைவிட இளையது கால் மில்லிமீற்றர் சின்னது. தூக்கினால் நிறை பாதிதான். அந்தக் குறை எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்ததில் நடுவில் ஒரு சின்ன இரும்பு நட்டைப் போட்டு ஊற்றினேன். இப்போது கை நம்புகிறது. அந்த அச்சில் மொத்தம் ஏழு வண்டிதான் எடுக்க முடிந்தது. ஏழாவதில் சில்லுக்கூட்டின் மெல்லிய ரப்பர் கிழிந்தது.

சில்லுக்குச் செருப்பு ரப்பர், அச்சுக்குக் குடைக்கம்பி. லயத்து வண்டிகளின் கால் இந்த வண்டிக்கு. பச்சை சேருவதற்கு நாலு தடவை கலக்கினேன். கடைசியில் நம்பர் பிளேட். என் மாணவன் ஒருவன் சிங்கள ஸ்ரீ போடுங்கள் சேர், பழைய வண்டி மாதிரியே இருக்கும் என்றான். அந்த எழுத்துக்காக உயிர் போனது அவனுக்குத் தெரியாது, அவன் பிறப்பதற்கு முன்பே புதிய வண்டிகளுக்கு அதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். தூரிகையை எடுத்து, பொகவந்தலாவையை நினைத்து, கீழே வைத்தேன். பிளேட் லண்டனில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

பெயின்ட் காய்ந்த அன்று பின்னேரம் அப்பா அலுமாரிக்கு மேலிருந்து ஷெட்டைத் தானே இறக்கினார். கதவு இரண்டையும் திறந்தார். நான் வண்டியை முன்பக்கமாக உள்ளே விடப் போனேன். "அப்படி இல்ல" என்று என் கையைத் தட்டிவிட்டு, வண்டியைத் திருப்பி, பின்பக்கமாக மெல்ல மெல்ல உள்ளே தள்ளினார். பங்களாவில் டிரைவர் அப்படித்தான் விடுவாராம், காலையில் துரை ஏறியதும் ஒரே ஓட்டமாக வெளியே வர. ஈயத்தாளில் பச்சை மங்கலாக விழுந்தது. வண்டி ஓரம் தொடாமல் நின்றது.

அத்தைக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, வண்டி வந்திருச்சா?"

"நிக்குது."

"கூரையில என் பல்லு இருக்கா, பாருங்க."

அப்பா கண்ணாடியைத் தேடவில்லை. விரலை ஷெட்டுக்குள் விட்டு, கூரை ஓரத்தில் நகத்தால் தடவிப் பார்த்தார்.

"இருக்குடி. ரெண்டும் இருக்கு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அங்க பனி எப்புடிண்ணே?" என்று கேட்டார். கொழுந்து குறைவு என்றார் அப்பா. இங்கயும் அப்படித்தான் என்றார் அத்தை. பச்சைக் கொழுந்து கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு பேரும் இரண்டு நாட்டுக் கணக்கைப் பேசத் தொடங்கினார்கள்.